கூனந்தாழையில் இறங்குகிறவர்கள்

பிப்ரவரி 3, திங்கள்

காலை 6.40. பயணிகள் 22, பணியாளர் 9, இரவு 6, இறங்குதுறை 6. இதில் உறுதியானது இரவு மட்டும்.

கிருபாகரன் சார் விளம்பரத் தாளை முதலில் அச்சடித்துவிட்டார். திட்டத்தை இனிமேல்தான் நான் போட வேண்டும். சென்னைக்காரர், பத்து வருடம் ஹோட்டல் நடத்தியவர். 'தூத்துக்குடி முதல் முட்டம் வரை, யாரும் பார்த்திராத கடற்கரை' என்று போட்டிருக்கிறார். அந்தக் கரையில் மைலுக்கு ஒரு ஊரும் ஊருக்கு ஒரு கோயிலும் இருக்கின்றன. அங்கே இருப்பவர்கள் பார்ப்பது பார்ப்பதில் சேராது போல.

கப்பலின் பெயர் 'கடற்குதிரை'. போன வருடம் வரை வெளியே நிற்கும் சரக்குக் கப்பல்களுக்கு ஆளும் அரிசியும் கொண்டுபோன படகு. பதினொரு அறை கட்டி வெள்ளையடித்ததும் கப்பலாகிவிட்டது. தண்ணீர் ஆழம் இரண்டு மீட்டருக்குக் குறைந்தால் தரை தட்டும். அதனால் வெளியே நங்கூரம் போட்டு, அந்தந்த ஊர் வள்ளங்களில் பயணிகளைக் கரைக்குக் கொண்டுபோக வேண்டும். வெள்ளோட்டம் ஏப்ரல் 11. எங்கே நிற்பது, எங்கே இறங்குவது, எங்கே இறங்கவே கூடாது என்று சொல்வது என் வேலை. ஓஷன் இன்ஜினியரிங் படித்துவிட்டு இரண்டு வருடம் வீட்டில் இருந்தவனுக்கு இது பெரிய வேலைதான்.

இறங்குதுறைக்கு ஒரே விதி. அலை 0.8 மீட்டரைத் தாண்டும் இடம் கிடையாது. விதிவிலக்கு கிடையாது. இதைப் பெரிய எழுத்தில் எழுதி ஆபீஸ் சுவரில் ஒட்டினேன். கிருபாகரன் சார் பார்த்துவிட்டு, எழுத்துரு கொஞ்சம் அழகாக இருந்திருக்கலாம் என்றார்.

மதியம் முழுக்கக் கழிவறைத் தொட்டிக் கணக்கு. தொட்டியைச் சிறிதாக்கிவிட்டு அந்த இடத்தில் ஜூஸ் கவுண்டர் வைக்கலாமா என்று கேட்டார். வைக்கலாம், ஆனால் ஜூஸ் குடித்தவர்கள் எங்கே போவார்கள் என்று கேட்டேன்.

பிப்ரவரி 6, வியாழன்

ஐந்து இடம் தேறிவிட்டது. ஆறாவதுக்கு அவர் கேட்பது: கார் வராத கரை, பின்னால் செந்நிறத் தேரி மணல் மேடு, புகைப்படத்தில் மின்கம்பம் விழக் கூடாது.

கூனந்தாழையைச் சொன்னேன். தெற்கே பாறை நீட்டிக்கொண்டிருப்பதால் தென்மேற்கிலிருந்து வரும் கச்சான் காற்று நேரடியாக அடிக்காது. கடலுக்குள் குறுக்கே பாறை வரிசையாகக் கிடக்கும் பாரில் ஒரு இடைவெளி இருக்கிறது. வள்ளம் அதன் வழியே நுழைந்தால் உள்ளே குளம் மாதிரித் தண்ணீர். தேரி கரைக்கு நூறடி பின்னால் தொடங்குகிறது. வள்ளக்காரர்கள் கெட்டிக்காரர்கள். தொழில்நுட்பமாகப் பார்த்தால் இதைவிட நல்ல இடம் அந்தப் பகுதியில் இல்லை.

அது என் ஊர் என்று சொல்லவில்லை. திட்டத்துக்குத் தேவைப்படாத தகவல்.

பணியாளர் எண்ணிக்கையை 10 ஆக்கியிருக்கிறேன். பத்தாவது ஆள், கரை தெரிந்த உள்ளூர் வழிகாட்டி. பெயர் பிறகு நிரப்பப்படும்.

பிப்ரவரி 14, வெள்ளி

அலை அளக்கும் மிதவையைப் போட்டாயிற்று. கல்லூரி நண்பன் வேலை பார்க்கும் ஆய்வு மையத்தில் இரவல் வாங்கியது. பக்கத்து ஊரில் வள்ளம் பிடித்து, பாருக்கு வெளியே கொண்டுபோய்ப் போட்டேன். கூனந்தாழை வள்ளம் பிடித்திருந்தால் பாதி நேரம்தான் ஆகியிருக்கும். பிடிக்க முடியாது.

கரை நன்றாகத் தெரிந்தது. கோயில் கோபுரத்துக்கு மஞ்சள் அடித்திருக்கிறார்கள். கேவலமாக இருக்கிறது. எங்கள் வீட்டுக் கூரையில் பாதி இல்லை. வள்ளக்காரர் 'எறங்குதீயளா' என்று கேட்டார். வேலை முடிந்தது, திரும்பு என்றேன்.

பிப்ரவரி 15, சனி

கழிவுநீர் பம்ப் வந்தது. தப்பான அளவு.

பிப்ரவரி 23, ஞாயிறு

பூசை முடிந்து வந்ததும் அப்பா, கப்பல் எந்தெந்த ஊருக்குப் போகிறது என்று கேட்டார். ஐஸ் கம்பெனியில் காவலாளி வேலை; வாரத்தில் இன்றைக்கு மட்டும் பகலில் வீட்டில் இருப்பார். ஐந்து ஊர் சொன்னேன். ஆறுன்னுல்லா சொன்ன, என்றார். இன்னும் முடிவாகவில்லை என்றேன். அம்மா உள்ளேயிருந்து எட்டிப் பார்த்தாள்.

இதை ஒரு தடவை எழுதிவிடுகிறேன், பிறகு எழுத மாட்டேன். ஆறு வருடத்துக்கு முன்னால் ஊர்த்தலைவர் கஸ்பார் மாமாவின் மூத்த மகன் பெலிக்ஸ் கடலில் காணாமல் போனான். யாராவது கடலில் காணாமல் போனால் ஊர் வலை போடாது. எல்லா வள்ளமும் தேடத்தான் போகும். உடல் கிடைக்கும் வரைக்கும், கிடைக்காவிட்டால் மூன்றாம் நாள் பூசை முடியும் வரைக்கும். அந்த மூன்று நாளும் ஊரில் யாரும் மீன் தின்னக்கூட மாட்டார்கள். ஏன் என்று யாரும் வாய்விட்டுச் சொல்ல மாட்டார்கள். எல்லாருக்கும் தெரியும்.

இரண்டாம் நாள் அப்பா தேடத்தான் போனார். வலையும் கொண்டுபோனார். என் பரீட்சைக் கட்டணத்துக்கு மறுநாள் கடைசி. வருடம் முழுக்க வராத மீன் அன்றைக்கு வந்தது. கரையில் யாரும் தொடவில்லை. தூத்துக்குடியில் கொண்டுபோய் விற்றார். நான் பரீட்சை எழுதினேன். பெலிக்ஸ் கிடைக்கவே இல்லை.

ஊர்க் கமிட்டி கூடியது. கோயில் வாசலில் மண்டியிட்டு மன்னிப்புக் கேட்டால் போதும் என்றார்கள். அப்பா வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு கிளம்பிவிட்டார். நான்தான் எழுந்து, எந்தச் சட்டத்தில் இருக்கிறது என்று கேட்டேன். போலீசுக்குப் போவேன் என்றும் சொன்னேன். சரியான கேள்விதான். அன்றைக்கே ஊர்விலக்கு. கூனந்தாழைக்காரர் யாரும் எங்களோடு பேசக் கூடாது, கொடுக்கல் வாங்கல் கூடாது, ஊர் எல்லைக்குள் நாங்கள் கால் வைக்கக் கூடாது. அன்றிலிருந்து தூத்துக்குடியில் வாடகை வீடு.

கப்பலில் கம்பெனி ஆளாக வந்து இறங்குகிறவரை யார் தடுப்பார்கள்? இருபத்திரண்டு பயணிகளோடு இருபத்துமூன்றாவதாக ஒருவர். வழிகாட்டி. சீருடை உண்டு. அப்பாவுக்கு எக்ஸ்எல் சரியாக இருக்கும்.

மார்ச் 4, செவ்வாய்

மிதவை அளவுகள் வந்துவிட்டன. பெரும்பாலான நாட்களில் அலை 0.5, 0.6. அதிகபட்சம் 0.7. மிக நல்ல இடம். சொன்னேன் அல்லவா.

இரண்டு நாள் மட்டும் 1.3 காட்டுகிறது. காற்றே இல்லாத நாட்கள். அலைக்கும் அலைக்கும் இடையே பதினேழு விநாடி. இந்தக் கரையில் காற்றில்லாமல் அப்படி வருவதற்குக் காரணமில்லை. கருவிக் கோளாறாகத்தான் இருக்கும். கணக்கில் சேர்க்கவில்லை. கோளாறான அளவைச் சேர்த்தால்தான் அறிக்கை தவறாகும்.

அறிக்கையை அனுப்பிவிட்டேன். அதிகபட்சம் 0.7. கூனந்தாழை தேறியது.

மார்ச் 6, வியாழன்

மிதவையைத் திருப்பிக் கொடுக்கும் முன் பிரித்துப் பார்த்தேன். எல்லாம் சரியாக இருக்கிறது. ஒரு இணைப்பில் கொஞ்சம் உப்பு. அதுவாக இருக்கலாம்.

மார்ச் 12, புதன்

கமிட்டியோடு பேச கிருபாகரன் சார் என்னையும் கூட்டிக்கொண்டு போனார். முக்கியமான ஆபீஸ் வேலை இருப்பதாகச் சொல்லிப் பார்த்தேன். திட்டம் போட்டவர் வராமல் எப்படி என்றார். ஊர் எல்லையில் ஐஸ் பெட்டி அடுக்கியிருக்கும் இடத்தில் காரை நிறுத்தச் சொன்னேன். ஏன் என்று கேட்டவரிடம், மணலில் சக்கரம் புதையும் என்றேன். அவர் நடந்து போனார். நானும் டிரைவர் பால்பாண்டியும் காரில் இருந்தோம். அவர் மதுரைக்காரர். கடலைப் பார்த்ததிலிருந்து, இது எவ்வளவு தூரம் போகும் என்று கேட்டுக்கொண்டிருந்தார்.

அமலன் எங்களைக் கடந்து போனான். கஸ்பார் மாமாவின் இளைய மகன். ஒன்றாம் வகுப்பிலிருந்து என் பக்கத்தில் உட்கார்ந்தவன். தோளில் அவுட்போர்டு எஞ்சின். என் பக்கம் திரும்பாமலே போனான். திரும்பாமல் இருப்பதற்குக் கழுத்து எவ்வளவு விறைப்பாக இருக்க வேண்டும் என்பதைப் பார்த்தேன்.

அரை மணி நேரம் கழித்துக் கஸ்பார் மாமாவே வந்தார். காருக்கு அந்தப் பக்கம், பால்பாண்டி அருகில் நின்றார். என்னைப் பார்க்கவில்லை.

"தம்பி, இந்தப் பிள்ளைட்ட ஒரு சேதி சொல்லணும்."

பால்பாண்டி என்னைக் காட்டினார். "அவரு இங்கனதான இருக்காரு. நீங்களே சொல்லுங்கய்யா."

"நீ சொல்லு. கப்பல்ல யாரு வந்தாலும் எங்க பிள்ளையோ தூக்கிட்டு வந்து எறக்கும். வெள்ளக்காரன் வரட்டும், வடக்கத்தியான் வரட்டும். இவன் காலும் இவன் அப்பன் காலும் இந்த மணல்ல படக் கூடாது."

பால்பாண்டி என் பக்கம் திரும்பி, "சார், உங்க காலும்..." என்று தொடங்கினார். கேட்டது என்றேன். "கேட்டுச்சாம்" என்று அவரிடம் சொன்னார். பாவம், மனிதர் நல்லவர். எத்தனை வருடத்துக்கு என்று கேட்கச் சொன்னேன். அதையும் கேட்டார்.

"பெலிக்ஸ் வந்து சொல்லட்டும்" என்றார் கஸ்பார் மாமா. பிறகு குரலைத் தாழ்த்தி, "அன்னைக்கு எல்லாரும் தண்ணியப் பாத்தாவ. இவன் அப்பன் வலையப் பாத்தான். அதயும் சொல்லு."

பால்பாண்டி ஸ்டீயரிங்கைப் பிடித்துக்கொண்டு, "இத நான் சொல்ல மாட்டேங்கய்யா" என்றார்.

கிருபாகரன் சார் கழுத்தில் துண்டோடு வந்தார். ஒரே சந்தோஷம். இவ்வளவு ஒத்துழைப்பான ஊரை அவர் பார்த்ததே இல்லையாம். இளநீர் இலவசமாம். அமலன்தான் முதல் வள்ளமாம். ஒரே ஒரு கண்டிஷன், அதுவும் சின்னது என்றார். நான் கப்பலிலேயே இருந்தால் போதுமாம். எனக்கு மேல்தளத்தில் நிறைய வேலை இருக்கத்தானே செய்கிறது என்று அவரே காரணமும் சொன்னார். வழிகாட்ட ஊரிலேயே ஆள் இருக்கிறதாம், அந்தப் பத்தாவது ஆளை எடுத்துவிடுவோம் என்றார்.

பணியாளர் 9.

மார்ச் 13, வியாழன்

கூனந்தாழையை நீக்கிவிடலாம். ஒரு வரி எழுதினால் போதும்.

நீக்கினால் ஏன் என்று கேட்பார்கள். அறிக்கையில் அது ஆறு இடங்களில் மிகச் சிறந்த இடம். நான் எழுதியது.

மார்ச் 29, சனி

உயிர்காப்பு ஜாக்கெட் 31 வந்தது. வள்ளம் ஓட்டுகிறவர்களுக்கு எங்கே என்று கேட்டேன். அவர்கள் கடல்காரர்கள், அவர்களுக்கு எதற்கு என்றார் கிருபாகரன் சார். அவர்களும் போட மாட்டார்கள் என்பது உண்மைதான். அதற்காகக் கணக்கில் விடலாமா? நான்கு கூடுதலாக எழுதிக் கொடுத்தேன். பார்க்கலாம் என்றார். பார்க்க மாட்டார்.

அம்மா என் சட்டைகளோடு அந்த எக்ஸ்எல் சீருடைச் சட்டையையும் துவைத்துக் காயப்போட்டிருக்கிறாள். யாருடையது என்று கேட்கவில்லை.

ஏப்ரல் 10, வியாழன்

இன்றைக்கு வந்த கடல் எச்சரிக்கையைப் பார்த்தேன். இது கள்ளக்கடல். தெற்கே ஆயிரக்கணக்கான மைலுக்கு அப்பால் புயல் அடித்துக் கிளப்பிய அலை. இங்கே காற்று இருக்காது, மேகம் இருக்காது, கடல் தட்டையாகக் கிடக்கும். கிடந்து கிடந்து, திடீரென்று நாலைந்து நீளமான அலை சேர்ந்து வரும். எச்சரிக்கை குமரிக்கு மேற்கே உள்ள கரைக்குத்தான் போட்டிருக்கிறார்கள். ஆனால் அலையின் திசையையும் நேரத்தையும் கணக்குப் போட்டால் ஒரு பகுதி குமரிமுனையைச் சுற்றிக்கொண்டு இந்தப் பக்கமும் வரும். சனிக்கிழமை காலை. அன்றைக்குப் பௌர்ணமியும் சேர்கிறது. தண்ணீர் ஏறி நிற்கும், பார் கண்ணுக்கே தெரியாது.

அலைக்கும் அலைக்கும் இடையே பதினேழு விநாடி.

ஏப்ரல் 11, வெள்ளி

காலையில் மேளத்தோடு கிளம்பினோம். பயணிகள் 22 பேரும் வந்துவிட்டார்கள். ஒருவர் நாயோடு வந்து, நாயைத் திருப்பி அனுப்பினார். பம்ப் வேலை செய்கிறது. முதல் இறங்குதுறையில் எல்லாம் ஒழுங்காக நடந்தது.

மாலையில் கேப்டன் அறையில் கிருபாகரன் சாரிடம், நாளைக்குக் கூனந்தாழை வேண்டாம் என்றேன். கள்ளக்கடலை விளக்கினேன். கேப்டன் எச்சரிக்கையைத் திரையில் காட்டி, இது மேற்குக் கரைக்கு என்றார். கிருபாகரன் சார் கதவைச் சாத்தினார்.

"கெனிஸ்டன், ஒரு மாசமா மூஞ்சியத் தூக்கி வச்சிட்டு அலையறீங்க. உங்களை இறங்க விடலைங்கறதுக்காக யாருமே இறங்கக் கூடாதா?"

அது காரணமில்லை என்றேன்.

"அதிகபட்சம் 0.7ன்னு நீங்கதான் கையெழுத்துப் போட்டிருக்கீங்க. சொல்லுங்க. அந்த ரிப்போர்ட் தப்பா?"

கேப்டனும் என்னைப் பார்த்தார்.

ரிப்போர்ட் சரி, கடல்தான் மாறுகிறது என்றேன்.

"அப்ப சரி" என்று எழுந்தார்.

ஏப்ரல் 12, சனி

மதியம் 3 மணி. எழுத முடிகிறவரை எழுதுகிறேன்.

ஏழு மணிக்குக் கூனந்தாழைக்கு வெளியே நங்கூரம் போட்டோம். கண்ணாடி மாதிரிக் கடல். நாளைக்குக் குருத்து ஞாயிறு என்பதால் வெளியூரில் இருப்பவர்களும் வந்திருந்தார்கள். கரை நிறையக் கூட்டம், கொட்டுச் சத்தம் இங்கே வரைக்கும் கேட்டது. கிருபாகரன் சார் என்னைத் திரும்பிப் பார்த்துச் சிரித்தார். மூன்று வள்ளம் வந்தன, இரண்டு துணைக்கு மட்டும். முதல் வள்ளத்தில் அமலன். கப்பலின் பக்கத்தில் ஒட்டி நின்று, ஏழு பேரைக் கைபிடித்து இறக்கினான். நான் மேல்தளத்தில் நின்றேன், பத்தடி உயரத்தில். அவன் தலையில் ஒரு வெள்ளை முடி இருக்கிறது. மேலே பார்க்கவில்லை.

முதல் நடை இடைவெளியில் நுழைந்து கரையேறியது. மாலை போட்டார்கள். இரண்டாம் நடைக்கு எட்டுப் பேரை ஏற்றிக்கொண்டான். கப்பலை விட்டு அவன் விலகிய பிறகுதான் கப்பல் அசைந்த விதம் மாறியது. உருளவில்லை. ஏறி, வெகு நேரம் நின்று, இறங்கியது. தெற்கே பார்த்தேன். தண்ணீரில் கோடு கோடாக வந்துகொண்டிருந்தது.

கேப்டன் கையிலிருந்து ஒயர்லெஸ்ஸைப் பிடுங்கினேன். மூன்று வள்ளத்திலும் செட் இருக்கிறது. கரையில் கமிட்டி வீட்டிலும் ஒன்று இருக்கிறது.

"அமலா, உள்ள போகாத. வெளிய நில்லு. அல வருது. கெனிஸ்டன் பேசுதேன், வெளிய நில்லு."

யாரும் பதில் பேசவில்லை. பேசக் கூடாது. இன்னொரு தடவை சொன்னேன். கரகரவென்று ஓசை மட்டும். அவன் தலை லேசாகத் திரும்பியது போல இருந்தது. பிறகு நேராக இடைவெளிக்குள் போனான்.

அலை உயரமாக இல்லை. பார் மேல் வந்ததும்தான் எழுந்து நின்றது. வள்ளத்தின் பின்புறத்தைத் தூக்கிக் குறுக்கே திருப்பியது. அடுத்தது கவிழ்த்தது. எட்டுப் பேரும் ஆரஞ்சு ஜாக்கெட்டோடு மிதந்தார்கள். ஊர்ப் பையன்கள் நீந்திப் போய் இழுத்தார்கள். ஒரு அம்மாவுக்கு முழங்கால் வீங்கியதோடு சரி. அமலன் வள்ளத்துக்கும் பாறைக்கும் நடுவில் மாட்டிக்கொண்டான். கொட்டுச் சத்தம் நின்றுவிட்டது.

நான் இறங்கவில்லை. இறங்க வள்ளமும் இல்லை.

ஏப்ரல் 13, ஞாயிறு

வலது கையை முழங்கைக்குக் கீழே எடுத்துவிட்டார்களாம். தூத்துக்குடி ஆஸ்பத்திரியில் இருக்கிறான்.

ஏப்ரல் 15, செவ்வாய்

ஆபீசில் கூட்டம். கம்பெனி கொடுக்கப்போகும் விளக்கத்தை வாசித்தார்கள்: முன்கூட்டி அறிய முடியாத இயற்கை நிகழ்வு, இடத்தைத் தகுதி பெற்ற பொறியாளர் முறைப்படி ஆய்வு செய்திருக்கிறார், வள்ளம் ஓட்டியவர் இடைவெளிக்குள் நுழைந்த முறையில் கவனக்குறைவு இருந்திருக்கலாம். கவனக்குறைவு என்றால் அவனுக்கு இழப்பீடு கிடையாது. கம்பெனியின் அனுமதி ரத்தாகாது. அக்டோபரில் மறுபடி ஓடலாம்.

ஒயர்லெஸ்ஸில் நான் எச்சரித்ததையும் சேர்த்திருக்கிறார்கள். எச்சரித்தும் நுழைந்தான் என்று.

கிருபாகரன் சார் என் தோளில் கைவைத்து, உங்க ரிப்போர்ட்தான் நம்மளக் காப்பாத்துது என்றார். சம்பளம் கூட்டுவதைப் பற்றியும் பேசினார். சுவரில் என் விதி இன்னும் ஒட்டியிருக்கிறது.

விசாரணை அதிகாரி வெள்ளிக்கிழமைக்குள் என் எழுத்து வாக்குமூலத்தைக் கேட்டிருக்கிறார். 'தங்கள் அறிக்கையில் சேர்க்கப்படாத அளவுகள் ஏதும் உண்டா?' என்று வழக்கமான கேள்வி ஒன்று இருக்கிறது. எல்லாரிடமும் கேட்பதுதான்.

ஏப்ரல் 16, புதன்

அப்பா வேலைக்குக் கிளம்பும்போது வாசலில் நின்றார். ஊரில் அமலன் மேல்தான் தப்பு என்று பேசிக்கொள்கிறார்களாம். ஐஸ் ஏற்ற வந்த லாரிக்காரர் சொன்னாராம்.

"அமலன் அந்த எடவெளியத் தப்பா எடுக்க மாட்டான்" என்றார்.

நான் செருப்புக்கு வார் மாட்டிக்கொண்டிருந்தேன்.

"அலையப் பத்தி நீ என்னய்யா எழுதிக் குடுத்த?"

கருவி காட்டியதை என்றேன். சாப்பாட்டுத் தூக்கை எடுத்துக்கொண்டு போய்விட்டார்.

ஏப்ரல் 17, வியாழன்

ஆஸ்பத்திரிக்குப் போனேன். வராந்தாவில் கஸ்பார் மாமா உட்கார்ந்திருந்தார். என்னைப் பார்த்ததும் சுவரைப் பார்த்துத் திரும்பிக்கொண்டார். எழுந்து வந்து தடுக்கவில்லை. ஆஸ்பத்திரி ஊர் எல்லைக்குள் வராது.

அமலன் கண்ணைத் திறந்துதான் இருந்தான். நர்ஸ் கட்டை மாற்றிக்கொண்டிருந்தார். கட்டிலின் கால்மாட்டில் நின்றேன். அவன் கூரையைப் பார்த்துக்கொண்டு நர்ஸிடம் பேசினான்.

"சிஸ்டர், அங்க நிக்கான்லா, அவன்ட்ட ஒண்ணு சொல்லணும். ஒயர்லெஸ்ல சொன்னது எனக்குக் கேட்டுச்சி. எறங்க விடாத கடுப்புல சொல்லுதான்னு நெனச்சிட்டேன். அவன் நெசமாத்தான் சொல்லியிருக்கான். நான்தான் கேக்கல. தப்பு என் மேலதான்."

நர்ஸ் முதலில் திகைத்தார். பிறகு பொறுமையாக, ஒரு சொல் விடாமல், எல்லாவற்றையும் எனக்குத் திருப்பிச் சொன்னார். 'தப்பு அவர் மேலதானாம்' என்று முடித்தார்.

பதிலுக்கு நான் சொல்ல வேண்டியது ஒரே வாக்கியம். நர்ஸ் காத்துக்கொண்டிருந்தார். கொண்டுபோன ஆப்பிளை அவர் கையில் கொடுத்துவிட்டு வந்துவிட்டேன்.

ஏப்ரல் 18, பெரிய வெள்ளி

அம்மா சிலுவைப்பாதைக்குப் போயிருக்கிறாள். ஐஸ் கம்பெனி இன்றைக்கு லீவு; அப்பா தூங்குகிறார். மிதவைப் பதிவு முழுவதையும் மறுபடி திறந்தேன். அந்த இரண்டு நாள் அப்படியே இருக்கிறது. நான் அழிக்கவில்லை. அறிக்கையில் சேர்க்காமல் விட்டேன், அவ்வளவுதான் என்று ஒன்றரை மாதமாக எனக்கு நானே சொல்லிக்கொண்டிருக்கிறேன். கருவி கெட்டிருக்கவில்லை. கெட்டிருக்க வேண்டும் என்று நான் விரும்பினேன்.

செய்ய வேண்டியவை:

1. இரண்டு நாள் அளவையும் நேரத்தோடு விசாரணை அதிகாரிக்கு இன்றே அனுப்புவது. 'கருவிக் கோளாறு' என்ற சொல் எங்கும் வரக் கூடாது. 'உப்பு' என்ற சொல்லும்.

2. ஏப்ரல் 11 மாலை, ரிப்போர்ட் தப்பா என்று கேட்டதையும் நான் சொன்ன பதிலையும் எழுதுவது. கிருபாகரன் சார் கேட்ட கேள்வி சரியானது என்பதையும் எழுதுவது.

3. ராஜினாமா செய்யக் கூடாது. அவர்கள் நீக்கட்டும். காரணத்தை எழுத்தில் வாங்குவது. அமலனின் வக்கீலுக்கு உதவும். அவனுக்கு வக்கீல் இல்லை. முதலில் அதைப் பார்ப்பது.

4. அப்பா எழுந்ததும் சொல்வது. உட்கார்ந்து சொல்வது. பரீட்சைக் கட்டணத்தைப் பேச்சில் இழுக்கக் கூடாது.

5. ஆஸ்பத்திரிக்குத் திரும்பப் போவது. நர்ஸ் இல்லாத நேரமாக இருந்தால் காத்திருப்பது. அவர் மூலமாகச் சொல்வது: தப்பு உன் மேல் இல்லை. வராந்தாவில் இருப்பவருக்கும் கேட்கும்படி சத்தமாகச் சொல்லச் சொல்வது.

6. திட்டத்திலிருந்து கூனந்தாழையை நீக்குவது. 'காரணம்' என்ற கட்டத்தில் அலை என்று எழுதக் கூடாது. என் பெயரை எழுதுவது.